எந்த ஹார்மோன், எந்த வழி?

"ஹார்மோன் எடுத்தா ஹார்ட்டுக்கு ஆகாதாமே?" திருநங்கைகளும் திருநம்பிகளும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர்களைப் பெற்றவர்கள் இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். சில மருத்துவர்களோ இதையே காரணமாகச் சொல்லி, மருந்துச் சீட்டு எழுதாமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் "ஹார்மோன்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. எந்த ஹார்மோன், என்ன அளவு, விழுங்கும் மாத்திரையா தோலில் ஒட்டும் பட்டையா, எடுப்பவரின் வயது என்ன, புகைப்பழக்கம் உண்டா, ரத்தப் பரிசோதனை நடக்கிறதா என்பதெல்லாம் தெரிந்தால்தான் பதில் சொல்லலாம். அந்தப் பதில்கள் ஊகத்தில் பிறந்தவை அல்ல. ஐம்பது ஆண்டுகளாக மனிதர்களைப் பின்தொடர்ந்து, சில கசப்பான பாடங்களுக்குப் பிறகு கிடைத்தவை.

முதலில் மருந்துகளைப் பார்த்துவிடலாம். திருநங்கைகள் எடுப்பது எஸ்ட்ரோஜன். விந்தகங்கள் இருக்கும்வரை அவை சுரக்கும் டெஸ்டோஸ்டீரோனை அடக்கவும் ஒரு மருந்து வேண்டும். அதற்கு ஸ்பைரோனோலாக்டோன் அல்லது சைப்ரோடெரோன் மாத்திரை தருவார்கள், இல்லையென்றால் பிட்யூட்டரி சுரப்பியைத் தூங்க வைக்கும் ஊசி போடுவார்கள். திருநம்பிகள் டெஸ்டோஸ்டீரோனை ஊசியாகவோ ஜெல்லாகவோ எடுக்கிறார்கள். இரு தரப்பினரும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க எடுப்பவர்கள். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் சிகிச்சையென்றால் இதயத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. இருபது வயதில் தொடங்கி அறுபதிலும் எடுக்கப்போகும் மருந்து என்பதால்தான் பேசுகிறோம்.

நீண்டகால விளைவைச் சொல்ல நீண்டகாலப் பதிவேடு வேண்டும். அப்படி ஒன்று நெதர்லாந்தில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் விரேயே பல்கலைக்கழக மருத்துவமனையில் 1972 முதல் இந்தச் சிகிச்சைக்கு வந்தவர்களின் கோப்புகள் காக்கப்பட்டிருக்கின்றன. அந்நாட்டில் இந்தச் சிகிச்சை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த ஒரே மருத்துவமனைக்கு வந்தார்கள். அதனால் யாருக்கு என்ன மருந்து கொடுத்தோம், பிறகு அவருக்கு என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்க முடிந்தது. லூயி கூரன், ஹென்க் அஸ்கமன் ஆகிய மருத்துவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் இந்தக் கோப்புகளைத் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறார்கள்.

முதல் பெரிய அதிர்ச்சி 1989-இல் வந்தது. 303 திருநங்கைகளும் 122 திருநம்பிகளும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். திருநங்கைகளிடம் கால் ரத்தக்குழாய்களிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைந்து கட்டியாவது, எதிர்பார்த்ததைவிட 45 மடங்கு அதிகமாக இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே கொடுத்துவந்த மருந்து, நாள் ஒன்றுக்கு 100 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியாலும் 100 மில்லிகிராம் சைப்ரோடெரோனும். இந்த முதல் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் அதிகம் அடிபடப்போவது அதுதான்.

மருத்துவர்கள் கணக்கை மூடி வைக்கவில்லை, சிகிச்சையை மாற்றினார்கள். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மாத்திரைக்குப் பதில், தோலில் ஒட்டும் எஸ்ட்ராடியால் பட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். 1997-இல் 816 திருநங்கைகளையும் 293 திருநம்பிகளையும் வைத்து மறுபடி எண்ணியபோது, ரத்தக்கட்டிதான் முக்கியச் சிக்கலாக இன்னும் நீடித்தது. ஆனால் பட்டை வந்த பிறகு புதிதாக ஏற்படுவது குறைந்திருந்தது. 2003-இல் அதே குழு ரத்தத்தையே நேரடியாகச் சோதித்தது. நம் ரத்தத்தில் உறைதலுக்குப் பிரேக் போடும் ஒரு புரத ஏற்பாடு உண்டு. எத்தினைல் எஸ்ட்ராடியால் எடுத்தவர்களிடம் அந்தப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. தோல்வழி எஸ்ட்ராடியால் எடுத்தவர்களிடம் அந்தக் கோளாறு ஏறக்குறைய இல்லை. 2011-இல் 966 திருநங்கைகளைச் சராசரியாகப் பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்த கணக்கு வந்தது. எத்தினைல் எஸ்ட்ராடியாலைத் தொடர்ந்து எடுத்துவந்தவர்கள் இதயம், ரத்தக்குழாய் நோய்களால் இறப்பது மூன்று மடங்காக இருந்தது. அதற்குள் ஆம்ஸ்டர்டாம் அந்த மருந்தை அடியோடு கைவிட்டிருந்தது.

இனி நம்மூர் மருந்துக் கடைக்கு வருவோம்.

மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை அட்டை எல்லோருக்கும் தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அரசு பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவருவது. அதன் ஒவ்வொரு ஹார்மோன் மாத்திரையிலும் 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியால் இருக்கிறது. கருத்தடைக்காக நாளுக்கு ஒன்று போடும் இளம்பெண்ணுக்கு அது பெரும்பாலும் பாதுகாப்பானது. லட்சக்கணக்கான பெண்கள் நலமாகப் போட்டுவருகிறார்கள். ஆனால் மருத்துவரிடம் போக முடியாத, போனாலும் அவமானப்பட்டுத் திரும்பிய திருநங்கைகள் பலர், மார்பு வளரவும் தோல் மென்மையாகவும் இதே மாத்திரையை ஒன்றுக்குப் பதில் பலவாக விழுங்குகிறார்கள். மூத்தவர்கள் சொல்லித்தர இளையவர்கள் பின்பற்றுவது, திருநங்கைகள் கூடி வாழும் ஜமாத்துகளில் நெடுநாள் வழக்கம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மூன்று மாத்திரை என்றால் 90 மைக்ரோகிராம். ஆம்ஸ்டர்டாம் கைவிட்ட அளவு 100. அதாவது, 45 மடங்கு ரத்தக்கட்டியைக் காட்டி ஒரு மருத்துவமனை விட்டொழித்த மருந்து, ஏறத்தாழ அதே அளவில், கேள்வி கேட்பார் இல்லாமல் இங்கே விழுங்கப்படுகிறது. முகப்பருவுக்கும் சினைப்பை நீர்க்கட்டிக்கும் எழுதித்தரும் சில மாத்திரைகளிலும் 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியால் சைப்ரோடெரோனோடு சேர்ந்தே இருக்கிறது. அவையும் இப்படித்தான் கைமாறுகின்றன.

இதற்காக அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவைச் சாத்தியவர்கள் வேறு ஆட்கள். தமிழ்நாட்டில் சில அரசு மருத்துவமனைகளில் இதற்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் உண்டு. அங்கே போக முடிந்தவர்கள் போகட்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

எத்தினைல் எஸ்ட்ராடியாலுக்கும் சாதாரண எஸ்ட்ராடியாலுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? விஷயம் கல்லீரலில் இருக்கிறது. ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது கல்லீரல்தான். எஸ்ட்ரோஜன் அங்கே போனால் அந்தப் புரதங்களின் உற்பத்தி கூடும், டிரைகிளிசரைடு கொழுப்பும் கூடும். நாம் விழுங்கும் எதுவும் குடலில் உறிஞ்சப்பட்டு, உடம்பெங்கும் போவதற்கு முன் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகும். எனவே மாத்திரையாக விழுங்கிய எஸ்ட்ரோஜன் கல்லீரலை முதலில், முழு அடர்த்தியோடு தாக்குகிறது. பட்டையோ ஜெல்லோ அப்படி இல்லை. தோல் வழியே ரத்தத்தில் கலந்து, கருமுட்டைப்பை சுரந்தால் எப்படி இருக்குமோ அப்படிப் பரவுகிறது. கல்லீரலுக்கு அதன் பங்கு மட்டும் கிடைக்கிறது.

கல்லீரல் சாதாரண எஸ்ட்ராடியாலை வேகமாக உடைத்துவிடும். எத்தினைல் எஸ்ட்ராடியால், அப்படி உடையாமல் இருப்பதற்காகவே வேதியியலார் ஒரு சிறு வால் ஒட்டி உருவாக்கிய மூலக்கூறு. அதனால்தான் மிகச் சிறிய மாத்திரையிலேயே அது வேலை செய்கிறது. அதனால்தான் கல்லீரலுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி, உறைதல் புரதங்களை மேலும் மேலும் செய்யச் சொல்கிறது. கருத்தடைக்கு உதவிய அதே குணம், பெரிய அளவில் எடுக்கும்போது ஆபத்தாகிறது.

வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்று மாதவிடாய் நின்ற பெண்களிடமிருந்து கிடைத்தது. பிரான்ஸில் 2007-இல் வெளியான எஸ்தர் ஆய்வில், விழுங்கும் எஸ்ட்ரோஜன் எடுத்த பெண்களுக்கு ரத்தக்கட்டி ஆபத்து சுமார் நான்கு மடங்கானது. தோல்வழி எடுத்தவர்களுக்கு, எதுவும் எடுக்காதவர்களைவிட அது கூடவில்லை. அவர்கள் திருநங்கைகள் அல்லர், வயதும் அதிகம். ஆனாலும் கல்லீரல் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இயங்குகிறது.

எஸ்ட்ரோஜனையும் ஆண் உடலின் இதயத்தையும் பற்றிய பாடம் இன்னும் பழையது. பெண்களுக்கு இளவயதில் மாரடைப்பு குறைவு, ஆகவே எஸ்ட்ரோஜன் இதயத்தைக் காக்கும் என்று 1960-களில் மருத்துவ உலகம் நம்பியது. அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய கரோனரி டிரக் புராஜெக்ட் என்ற பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களில் ஒரு பகுதியினருக்குக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த எஸ்ட்ரோஜனைக் கொடுத்தார்கள். 5 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் இதயச் சிக்கல்கள் கூடியதால் 1970-இல் அந்தப் பிரிவை நிறுத்தினார்கள். 2.5 மில்லிகிராம் பிரிவும் 1973-இல் நின்றது. எஸ்ட்ரோஜன் என்றாலே இதயத்துக்குக் காவல் என்ற எளிய எண்ணம் அன்றே உடைந்துவிட்டது. ஏற்கெனவே குழாய் அடைத்திருந்த இதயங்களில், பெரிய அளவில், விழுங்கும் மருந்தாகச் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இனி எண்களைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். பயமும் அலட்சியமும் இரண்டுமே எண்களைத் தவறாகப் படிப்பதில்தான் தொடங்குகின்றன.

ஆம்ஸ்டர்டாம் குழு 2019-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2,517 திருநங்கைகள், 1,358 திருநம்பிகள், சராசரியாக எட்டு ஒன்பது ஆண்டுகள். திருநங்கைகளுக்கு ரத்தக்கட்டி, நெதர்லாந்துப் பெண்களைவிட ஐந்தரை மடங்கும் ஆண்களைவிட நான்கரை மடங்கும் அதிகம். ஐந்தரை மடங்கு என்று மட்டும் கேட்டால் நெஞ்சு படபடக்கும். அந்த மடங்குக்கு அடியில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை இது: 73 பேர். ஆயிரம் திருநங்கைகளை ஓர் ஆண்டு கவனித்தால் சுமார் மூன்று பேருக்கு ரத்தக்கட்டி வந்தது. அதே வயது ஆண்கள் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. மூன்று என்பது சும்மா விட்டுவிடும் எண் இல்லை. நுரையீரலை அடைக்கும் கட்டி உயிரை எடுக்கும். ஆனால் மீதி 997 பேருக்கு அந்த ஆண்டு அது வரவில்லை என்பதும் அதே கணக்குச் சொல்வதுதான். இந்தக் கூட்டத்தில் பழைய எத்தினைல் எஸ்ட்ராடியால் காலத்தவர்களும் கலந்திருக்கிறார்கள். அவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் இடைவெளி குறைகிறது, முழுவதும் மறையவில்லை. ஆகவே நல்ல மருந்துக்கு மாறினாலும் ரத்தக்கட்டியைக் கவனிக்க வேண்டிய கடமை இருக்கிறது.

பக்கவாதம் பெண்களைவிட 2.4 மடங்கு, ஆண்களைவிட 1.8 மடங்கு. மாரடைப்பில்தான் கணக்கு சுவையாகிறது. பெண்களோடு ஒப்பிட்டால் திருநங்கைகளுக்கு மாரடைப்பு 2.6 மடங்கு அதிகம். ஆண்களோடு ஒப்பிட்டால் அதிகமே இல்லை. திருநம்பிகளுக்கோ, பெண்களோடு ஒப்பிட்டால் 3.7 மடங்கு. ஆண்களோடு ஒப்பிட்டால் சரிசமம்.

ஒரே மனிதர், ஒரே இதயம், யாரை அருகில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து "ஆபத்து" என்றும் "வழக்கம்போல்" என்றும் இரண்டு செய்தி வருகிறது. செய்தித்தாளில் தலைப்பு போடுபவர் எதை எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். ஒரு திருநம்பி டெஸ்டோஸ்டீரோன் எடுப்பதால், மாரடைப்பு விஷயத்தில் அவர் இடம் பெண்களின் வரிசையிலிருந்து ஆண்களின் வரிசைக்கு நகர்கிறது என்பதே இந்தக் கணக்குக்கு நான் தரும் பொருள். அவருடைய அண்ணனுக்கு இருக்கும் ஆபத்து அவருக்கும் வருகிறது. அண்ணனிடம் நாற்பது வயதில் சுகரும் பிரஷரும் பார்க்கச் சொல்லும் குடும்பம், இவரிடமும் சொல்ல வேண்டும். திருநங்கைக்கோ, பிறந்தபோது கிடைத்த ஆண் வரிசையின் மாரடைப்பு ஆபத்து எஸ்ட்ரோஜனால் குறைந்துவிடவில்லை, கூடவும் இல்லை. அதோடு ரத்தக்கட்டியும் பக்கவாதமும் என்ற தனிச் சுமை சேர்கிறது.

ஆண்டுகள் கூடக் கூட என்ன ஆகிறது என்பதற்கு அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகள் ஒரு விடை தந்தன. 2018-இல் வெளியான அந்தக் கணக்கில் 2,842 திருநங்கைகள். ஆண்களோடு ஒப்பிட்டபோது, இரண்டாம் ஆண்டு முடிவில் ஆயிரம் பேருக்கு நான்கு ரத்தக்கட்டிகள் கூடுதல். எட்டாம் ஆண்டு முடிவில் கிட்டத்தட்ட பதினேழு. எஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் பக்கவாதத்தின் வேறுபாடு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகே தெளிவாகத் தெரிந்தது. முதல் இரண்டு ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து, இனிமேல் பரிசோதனையே வேண்டாம் என்று விட்டுவிடுவது எவ்வளவு தவறு என்பது இதில் தெரிகிறது. நடப்பதோ தலைகீழ். தொடக்கத்தில் மாதாமாதம் வருபவர்கள், மார்பு வளர்ந்து உடல் மனதுக்கு இசைந்ததும், வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

திருநம்பிகளின் ரத்தத்தில் நடப்பது வேறு. டெஸ்டோஸ்டீரோன், எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணுக்கள் அதிகம் செய்யச் சொல்லும். ஹீமோகுளோபின் ஏறும். ஓரளவு ஏறுவது எதிர்பார்த்ததுதான், ஆண்களுக்கு இயல்பாகவே அது அதிகம். சிலருக்கு அளவுமீறி ஏறி ரத்தம் கெட்டிப்பட்டுவிடும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமாடோக்ரிட் என்ற எண்ணைப் பார்த்தால் இது தெரியும். ஆம்ஸ்டர்டாமில் 1,073 திருநம்பிகளைப் பார்த்தபோது பத்தில் ஒருவருக்குச் சற்றே கூடுதலானோரிடம் அந்த எண் ஒரு முறையாவது 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. புகைப்பவர்களிடமும் உடல் பருமன் உள்ளவர்களிடமும் நீண்ட இடைவெளி ஊசி போடுபவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. இப்படி ஏறினால் பயந்துபோய் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. புகையை நிறுத்துவது, அளவைக் குறைப்பது, பெரிய ஊசியிலிருந்து ஜெல்லுக்கு மாறுவது என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பெண் என்று பதிந்தால், திருநம்பியின் இயல்பான ஹீமோகுளோபினைக்கூட "அதிகம்" என்று தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கும். அதைப் பார்த்துப் பதறி மருந்தை விட்டுவிட வேண்டாம். டெஸ்டோஸ்டீரோன் எடுத்துச் சில மாதங்கள் ஆனவருக்கு ஆண்களுக்கான எல்லையோடு ஒப்பிடுவதே சரி. திருநங்கைக்கு இதே நியாயம் மறுபக்கமாகப் பொருந்தும்.

டெஸ்டோஸ்டீரோன் கொழுப்புக் கணக்கையும் மாற்றுகிறது. எச்.டி.எல் என்ற நல்ல கொழுப்பு இறங்கும், எல்.டி.எல்லும் டிரைகிளிசரைடும் சற்று ஏறும். பிரஷரில் மாற்றம் சிறியது. வாஷிங்டன் நகரில் 470 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. ஹார்மோன் தொடங்கிய சில மாதங்களில் திருநங்கைகளின் மேல் அளவு நான்கு முதல் ஆறு புள்ளி வரை இறங்கியது. திருநம்பிகளுக்கு இரண்டரைப் புள்ளி அளவு ஏறியது. திருநங்கைகளுக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் அடிப்படையில் பிரஷர் மாத்திரைதான் என்பதால் அந்த இறக்கத்தில் வியப்பில்லை. ஆனால் அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் அளவுமீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் பொட்டாசியமும் பார்க்க வேண்டிய பட்டியலில் வரும்.

டெஸ்டோஸ்டீரோன் பற்றி நல்ல செய்தியாக அடிக்கடி காட்டப்படுவது டிராவர்ஸ் என்ற பெரிய சோதனை. 2023-இல் முடிவு வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நடுவயது, முதிய ஆண்கள். டெஸ்டோஸ்டீரோன் குறைந்தவர்கள், இதயநோய் இருந்தவர்கள் அல்லது வரக்கூடியவர்கள். பாதிப்பேருக்கு ஜெல், பாதிப்பேருக்குப் போலி ஜெல். மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவை சேர்ந்து முதல் பிரிவில் 7.0 சதவீதம், இரண்டாவதில் 7.3. பெரிய ஆபத்து இல்லை என்ற ஆறுதல் உண்மை. ஆனால் நுரையீரல் ரத்தக்கட்டியும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் ஜெல் பிரிவில் கூடுதலாக இருந்தன. அவர்கள் திருநம்பிகள் அல்லர். அந்த எண்களைத் தூக்கி ஓர் இருபத்தைந்து வயதுத் திருநம்பிமேல் வைப்பது பொருந்தாது.

எல்லாவற்றையும் ஹார்மோன்மீது போடுவதும் தவறு. 2021-இல் ஆம்ஸ்டர்டாம் குழு 4,568 பேரின் இறப்புக் கணக்கை வெளியிட்டது. ஐந்து பத்தாண்டுகளாக, பொதுமக்களைவிட இவர்கள் இறப்பது அதிகம், அது குறையவும் இல்லை. காரணங்களைப் பிரித்துப் பார்த்தபோது இதயநோயோடு நுரையீரல் புற்றுநோயும் எச்.ஐ.வியும் தற்கொலையும் வரிசையில் நின்றன. நுரையீரல் புற்றுநோய் ஹார்மோனால் வருவதில்லை, புகையால் வருகிறது. தற்கொலை எதனால் வருகிறது என்பதை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். அமெரிக்க இதயச் சங்கம் அதே 2021-இல் வெளியிட்ட அறிக்கையும் இந்தப் பக்கத்தைத்தான் அழுத்திச் சொன்னது. ஒதுக்கப்படுவதும் வன்முறையும் வேலையின்மையும் தூக்கமின்மையும் மருத்துவமனைக்குப் போகவே தயங்குவதும் இதயத்தைக் கெடுக்கும் காரணிகள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பதினேழு வயதுப் பிள்ளை சிகரெட்டில் ஆறுதல் தேடினால், இருபது ஆண்டு கழித்து அவருக்கு வரும் மாரடைப்பை எஸ்ட்ரோஜன் கணக்கில் எழுதுவது எனக்குப் பொய்க்கணக்காகப் படுகிறது.

நமக்கு இன்னொரு கூடுதல் கவலை உண்டு. உலகின் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்று தெரிந்தது. மற்ற நாடுகளில் கிட்டத்தட்ட 59. மற்ற நாட்டவரைவிட நம் ஆட்களுக்குக் கிட்டத்தட்ட ஆறு ஆண்டு முன்னதாகவே மாரடைப்பு வருகிறது. ஆம்ஸ்டர்டாமில் 40 வயதில் மாத்திரையிலிருந்து பட்டைக்கு மாற்றினார்கள் என்றால், சுகரோ பிரஷரோ உள்ள, அப்பாவுக்கு ஐம்பதுக்குள் மாரடைப்பு வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு திருநங்கைக்கு அதைவிட முன்னதாகவே அந்தப் பேச்சை எடுக்கலாம் என்பது என் கருத்து. ஜெல்லின் விலை மாத்திரையைவிட அதிகம். எல்லோருக்கும் முடியாவிட்டாலும், எத்தினைல் எஸ்ட்ராடியாலை விட்டுச் சாதாரண எஸ்ட்ராடியால் மாத்திரைக்கு மாறுவதே பெரிய படி.

நிர்வாணம், அதாவது விந்தகங்களை அகற்றும் சிகிச்சை, செய்துகொண்டவர்களுக்கு ஒரு குறிப்பு. விந்தகங்கள் போன பிறகு உடம்பில் அடக்குவதற்கு டெஸ்டோஸ்டீரோன் கிட்டத்தட்ட இல்லை. ஸ்பைரோனோலாக்டோனோ சைப்ரோடெரோனோ பொதுவாக இனித் தேவைப்படாது. பழக்கத்தில் அவற்றைத் தொடர்பவர்கள் உண்டு. சைப்ரோடெரோன் பல ஆண்டுகள் பெரிய அளவில் எடுத்தால் மூளையுறையில் கட்டி வரக்கூடும் என்பதால் ஐரோப்பாவில் 2020-இல் அதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். அடக்க வேண்டியவருக்கும் நாளுக்கு 10 மில்லிகிராம் போதும் என்று இப்போது தெரிகிறது. ஒரு காலத்தில் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு. அதேநேரம், நிர்வாணத்துக்குப் பிறகு எந்த ஹார்மோனும் எடுக்காமல் விட்டுவிடுவதும் ஆகாது. எலும்பு தேய்ந்துவிடும்.

மருத்துவர் தொடக்கத்திலேயே பிரஷர், எடை, சுகர், கொழுப்பு, ஹீமோகுளோபின் பார்த்து, வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்ததா என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். உள்சுரப்பியல் மருத்துவர்களின் 2017 வழிகாட்டி, முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறையும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. திருநங்கைகளுக்கு எஸ்ட்ராடியால் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம் வரை இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் மார்பு இன்னும் வேகமாக வளரும் என்பது தவறான நம்பிக்கை. ரத்தக்கட்டிதான் நெருங்கிவரும்.

அறுவை சிகிச்சைக்கு முன் எஸ்ட்ரோஜனைப் பல வாரம் நிறுத்தச் சொல்வது பழைய வழக்கம். அந்த வாரங்களில் உடல் சுடுவதும் மனம் சரிவதும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நியூயார்க்கில் பிறப்புறுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட நானூறு திருநங்கைகளின் கோப்புகளைப் பார்த்தார்கள். ஒரு வாரம் நிறுத்தியவர்கள் ஏறத்தாழ பாதி, நிறுத்தாமலே தொடர்ந்தவர்கள் ஏறத்தாழ பாதி. மொத்தத்தில் ஒரே ஒருவருக்கு ரத்தக்கட்டி வந்தது. அவர் நிறுத்தியவர்களின் பிரிவில் இருந்தவர். இது ஒன்றே முடிவான தீர்ப்பு ஆகாது. ஆனால் "ஒரு மாதம் நிறுத்திவிட்டு வா" என்று சொல்லும் மருத்துவரிடம், ஏன் என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. ஏற்கெனவே கட்டி வந்தவராக இருந்தால் அந்தப் பேச்சு வேறு. அவர்களுக்கும் ஹார்மோன் கதவு அடியோடு மூடப்படுவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோடு தோல்வழி எஸ்ட்ராடியாலைத் தொடர்வது பற்றி மருத்துவர் யோசிக்கலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் அது நடந்த களைப்பு என்று எண்ணெய் தேய்த்து உட்கார வேண்டாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் மார்புவலி, இருமலில் ரத்தம் ஆகியவை நுரையீரல் அடைப்பின் அடையாளங்கள். வாய் ஒருபக்கம் கோணுவதும் ஒரு கை தூக்க முடியாமல் போவதும் பேச்சுக் குழறுவதும் பக்கவாதம். 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் உங்களைப் பார்ப்பவருக்கு, நீங்கள் ஹார்மோன் எடுப்பது தெரியாமல் போகலாம். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடவும் கூடும். என்ன மாத்திரை, எத்தனை, எவ்வளவு நாளாக என்று நீங்களே முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். கடையில் வாங்கியதாக இருந்தாலும், பக்கத்து அக்கா கொடுத்ததாக இருந்தாலும் சொல்லுங்கள். அந்த அட்டையைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. பேச முடியாத நிலையில் நீங்கள் இருந்தால், கூட வந்தவர் அதைக் காட்டலாம்.